முதலாளியின் பங்கு: சேமலாப நிதி வந்த வரலாறு



"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்திலே பலகாலமாக வழங்கிவரும் பழமொழி. கேட்பவர் நகைப்பர். ஆயினும், அப்பழமொழியின் உட்கிடை அரசாங்க உத்தியோகத்தின் மீதுள்ள வெறும் மோகமன்று. முதுமையைப் பற்றிய அச்சமே அதன் உயிர். உத்தியோகம் முடிந்த நாளுக்கு மறுநாள் அடுப்பில் உலை வைப்பது யார் பணத்தில் என்ற வினாவுக்கு அரசாங்கம் ஒன்றே உறுதியான விடை தந்தது. அதனை இளைப்பாற்றுச் சம்பளம் என்றனர்; மக்கள் பேச்சில் அது 'பென்சன்' ஆயிற்று.

நீர்வளம் குறைந்த செம்மண் நிலத்திலே, துலா மிதித்து நீரிறைத்துப் பயிர் செய்த குடாநாட்டு மக்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலக் கல்வியைப் பற்றிக்கொண்டமைக்கு இவ்வுறுதியும் ஒரு காரணமாகும். 1823-இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசன் தொடங்கிய கல்விக்கழகமும், அதனைத் தொடர்ந்து எழுந்த பாடசாலைகளும் எழுதுவினைஞரையும் கணக்காளரையும் ஆண்டுதோறும் உருவாக்கின. அவர்களுட் பலர் கொழும்புக் கந்தோர்களை நாடினர். பலர் கப்பலேறி மலாயா சென்று புகையிரதப் பகுதியிலும் நிலஅளவைப் பகுதியிலும் திறைசேரியிலும் அமர்ந்தனர். ஓய்வு பெற்றுத் திரும்பியோரை ஊரார் 'மலாயாப் பென்சனியர்' என்று அழைத்தனர். அவர்கள் கட்டிய கல்வீடுகளும் கிணறுகளும் கோயில் மதில்களும் வலிகாமத்திலும் வடமராட்சியிலும் தீவுப்பகுதியிலும் இன்றும் காணத்தக்கன.

ஆனால், எல்லாரும் அரசாங்கத்தில் உத்தியோகம் பெற்றாரல்லர். கொழும்பிலே வர்த்தக நிலையங்களில் கணக்கெழுதியோர், புடைவைக் கடைகளிலும் உணவுச்சாலைகளிலும் நின்றோர், அச்சகங்களிற் எழுத்துக் கோத்தோர், சுருட்டுக் கொட்டில்களில் நாளெல்லாம் குனிந்திருந்தோர் ஆகியோரின் முதுமைக்கு யார் பொறுப்பு? முப்பதாண்டு உழைத்தவரைக் கைகூப்பி வழியனுப்புவதும், முதலாளி மனமிரங்கினால் ஒரு சிறு தொகையை உறையிலிட்டுக் கொடுப்பதுமே வழக்கமாயிருந்தது. பெருங் கம்பனிகள் சில தம் ஊழியருக்கெனச் சொந்தச் சேமலாப நிதிகளை நடத்தின. அவற்றிலே முதலாளி எவ்வளவு இடுவார், எப்போது நிறுத்துவார் என்பன பெரும்பாலும் அவர் வகுத்த விதியையே பொறுத்தன.

இந்நிலை ஒருநாளில் மாறவில்லை. 1941-இல் சம்பளச் சபைகள் கட்டளைச்சட்டம் வந்தது. 1947-இல் பெரிய வேலைநிறுத்தம், 1953-இல் ஹர்த்தால் ஆகியன நிகழ்ந்தன. 1954-இல் கடை, காரியாலய ஊழியர் சட்டம் பிறந்தது. 1928-இல் ஏ. ஈ. குணசிங்கா தொடங்கிய இலங்கை வணிக ஊழியர் சங்கம், 1948 முதல் பாலா தம்பு அவர்களைப் பொதுச் செயலாளராகக் கொண்டு கொழும்பு வர்த்தக ஊழியரிடையே வலுப்பெற்றது. இவ்வாறு தொழிலாளரின் குரல் படிப்படியாக உயர்ந்துவந்த காலத்திலேயே, எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா அவர்களின் அரசாங்கத்தில் தொழில் அமைச்சராயிருந்த டி. பி. இலங்கரத்தினா அவர்களின் முயற்சியால், 1958-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நிறைவேறியது.

1958 என்றவுடன் நம்மவர் நெஞ்சில் முதலில் எழுவது அவ்வாண்டின் இனக்கலவரமே. அகதிகளாய்க் கப்பலேறிக் காங்கேசன்துறை வந்திறங்கியோரின் நினைவு எளிதில் மறையாது. அதே ஆண்டிலேதான், இனமும் மொழியும் பாராது, கூலி பெற்று உழைக்கும் ஒவ்வொருவருக்கும் முதுமைக்கான ஒரு கணக்கைத் திறந்துவைத்த சட்டமும் பிறந்தது. வரலாறு இவ்விரண்டையும் ஒரே ஏட்டில் எழுதிவைத்திருக்கிறது.

சட்டத்தின் சாரம் எளிது. ஊழியரின் மாதச் சம்பளத்தில் நூற்றுக்கு 4 வீதம் அவர் பங்காகக் கழிக்கப்படும். அதனுடன் முதலாளி தம் பணத்திலிருந்து நூற்றுக்கு 6 வீதம் சேர்க்க வேண்டும். இரண்டும் ஊழியரின் பெயரிலேயே வரவு வைக்கப்படும். நிதியை நிருவகிக்கும் பொறுப்பு தொழில் ஆணையாளருக்கும், பணத்தைக் காத்து முதலிடும் பொறுப்பு மத்திய வங்கிக்கும் அளிக்கப்பட்டன. ஆண் 55 வயதிலும் பெண் 50 வயதிலும் அதனைப் பெறலாம். நிரந்தரமாக உழைக்க இயலாமை, நாட்டைவிட்டு நிலையாக நீங்குதல் முதலிய காரணங்களாலும் பெறலாம். பெண் ஊழியர் திருமணத்தின்பொருட்டு வேலையை விட்டாலும் பெறலாம். ஊழியர் இறந்தால் அவர் நியமித்தோருக்கு அது சேரும்.

இங்கே முதலாளியின் பங்கு என்பதன் இயல்பை உணர்தல் அவசியம். அது நன்கொடையா? தருமமா? தைப்பொங்கலுக்குக் கொடுக்கும் வேட்டி போன்றதா? அன்று. அதுவும் சம்பளமே. இன்று கையிற் கொடுக்க வேண்டிய கூலியின் ஒரு பகுதி, நாளை கொடுக்கும்பொருட்டு வேறொரு பெட்டியில் இடப்படுகிறது; வேறுபாடு அவ்வளவே. ஆதலினாலேதான், முதலாளி தம் பங்கை எவ்வகையிலும் ஊழியரின் சம்பளத்திற் கழித்துக்கொள்ளலாகாது என்று சட்டம் திட்டமாகத் தடுத்தது. அடுத்த மாத முடிவுக்குள் செலுத்தாத முதலாளி மிகைக்கட்டணம் இறுக்க வேண்டும். தாமதம் நீள நீள அது நூற்றுக்கு 5 வீதத்திலிருந்து 50 வீதம்வரை ஏறும்.

அயல் நாடுகளுடன் ஒப்பிடுவோம். மலாயாவிலே 1951-இல் ஊழியர் சேமலாப நிதி நிறுவப்பட்டது. அங்கு முதலாளிக்கு 5, தொழிலாளிக்கு 5 என்பதே தொடக்க வீதம். சிங்கப்பூரிலே 1955 யூலையில் மத்திய சேமலாப நிதி தொடங்கியபோதும் அவ்வாறே இருபாலார்க்கும் ஐந்து ஐந்தாக அமைந்தது. இந்தியாவிலே 1952-ஆம் ஆண்டுச் சட்டமும் இருவர் பங்கையும் சமமாகவே வைத்துத் தொடங்கியது. இலங்கை மட்டும் தொடக்கத்திலேயே துலாக்கோலைத் தொழிலாளியின் பக்கம் சற்றுச் சாய்த்தது. அவன் இரண்டு இட்டால் முதலாளி மூன்று இட வேண்டும். பின்னர் வீதங்கள் இருமுறை உயர்ந்தபோதும் இந்த மூன்றுக்கு இரண்டு என்ற விகிதம் மாறவில்லை.

அவ்விரு மாற்றங்களையும் நோக்குவோம். 1971-இல் தொழிலாளியின் பங்கு 4-இலிருந்து 6 ஆகவும், முதலாளியின் பங்கு 6-இலிருந்து 9 ஆகவும் உயர்ந்தன. 1981-இல் அவை முறையே 8 ஆகவும் 12 ஆகவும் ஆயின. அவ்வளவில் நின்றதா? 1980-ஆம் ஆண்டின் 46-ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கை நிதி என்ற வேறொரு நிதியும் நிறுவப்பட்டு, 1981 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதற்கு முதலாளி மட்டுமே நூற்றுக்கு 3 வீதம் செலுத்த வேண்டும்; தொழிலாளியிடம் ஒரு சதமும் கழிக்கலாகாது. ஆகவே, 1980-இல் நூற்றுக்கு 9 செலுத்திய முதலாளி, 1981 முடிவதற்குள் 12-உம் 3-உம் கூட்டி 15 செலுத்துபவரானார்.

வகுப்பிலே மாணவருக்குக் கணக்குச் சொல்வதுபோல ஒரு கணக்கைப் பார்ப்போம். மாதம் 200 ரூபா சம்பளம் பெறும் ஒருவரைக் கொள்வோம். சம்பளம் மாறவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். 1960-களில் அவர் பங்கு 8 ரூபா. முதலாளி பங்கு 12 ரூபா. கைக்கு வருவது 192 ரூபா. 1971-க்குப் பின் அவர் பங்கு 12. முதலாளி பங்கு 18. கைக்கு வருவது 188. 1981-க்குப் பின் அவர் பங்கு 16. முதலாளி பங்கு இரு நிதிகளுக்குமாக 30. கைக்கு வருவது 184. முதலாளியின் பங்கு 12-இலிருந்து 30 ஆகப் பெருகியது. தொழிலாளியின் கைக்காசோ 8 ரூபா குறைந்தது.

இக்கணக்கில் இருபக்க உண்மையும் அடங்கியிருக்கிறது. வீதம் உயர்வது முதுமைக்கு நன்மை. இந்த மாத அடுப்புக்கு அது சிறிது நெருக்கடி. முதலாளிக்கும் அவ்வாறே. ஆண்டுத் தொடக்கத்தில் வரவுசெலவைக் கணித்து, பண்டத்துக்கு விலை வைத்து, கேள்விப்பத்திரம் கொடுத்து வேலை ஏற்ற ஒரு சிறு தொழிலதிபருக்கு, மார்ச் மாதம் முதல் நூற்றுக்கு 3 கூடுதலாக இறுக்க வேண்டுமென்பது எளிதான செய்தியன்று. பெரிய கம்பனி இதனைத் தாங்கும். பத்துப் பேரை வைத்து அச்சகம் நடத்துபவர் தம் கணக்குப் புத்தகத்தை மறுபடியும் புரட்டியே ஆக வேண்டும். ஆயினும், மாற்றம் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து முன்னோக்கிச் செல்லுமாயின் அதனைச் சமாளிக்கலாம். பின்னோக்கிச் சென்று, உழைத்து முடித்த மாதத்தின் கணக்கை மாற்ற முற்பட்டால் எவரும் சமாளிக்க இயலாது.

வீதம் உயர்ந்த கதையைச் சொன்னோம். வீதம் தாழ்ந்த கதையும் உண்டு. அது நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரிலே நிகழ்ந்தது. அங்கு 5-இல் தொடங்கிய பங்கு படிப்படியாக ஏறி, 1984-இல் முதலாளிக்கு 25, தொழிலாளிக்கு 25 என நூற்றுக்கு 50 வீதமாயிற்று. மறு ஆண்டிலே பொருளாதாரம் சரிந்தது. தொழிற்செலவு மிகுந்துவிட்டது என்று ஆராய்ந்த குழு பரிந்துரைக்க, 1986 ஏப்பிரலில் முதலாளியின் பங்கு 25-இலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டது. தொழிலாளியின் பங்கு 25-ஆகவே நின்றது.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். மாதம் 1,000 வெள்ளி சம்பளம் பெற்ற ஒருவருக்கு மார்ச் மாதத்தில் கைக்கு வந்தது 750 வெள்ளி. ஏப்பிரலிலும் 750 வெள்ளியே. சந்தைக்குச் செல்லும் மனைவிக்கும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கும் ஒரு வேறுபாடும் தெரியவில்லை. ஆனால், அவர் முதுமைக் கணக்கிலே சேர வேண்டிய 250 வெள்ளி 100 வெள்ளியாகிவிட்டது. சம்பளத்தைக் குறைத்தால் தெருவிலே ஆரவாரம் எழும். முதலாளியின் பங்கைக் குறைத்தால் வீட்டிலே பேச்சும் எழாது. இழப்பு இருபதாண்டு கழித்தே கண்ணுக்குப் புலனாகும். பின்னர் அவ்வீதம் மெல்ல மெல்ல உயர்த்தப்பட்டு, 1994-இல் இருபாலார்க்கும் 20 என்று அமைந்தது. 1999-இல் முதலாளியின் பங்கு மீண்டும் 10 ஆகத் தாழ்த்தப்பட்டது. அப்பங்கு பழைய 25-ஐ மறுபடியும் எட்டவேயில்லை. அக்குறைப்பினால் பல ஆலைகள் மூடப்படாது தப்பின, பலருக்கு வேலை நிலைத்தது என்பாரும் உளர். அதுவும் புறந்தள்ளத்தக்க வாதமன்று. வேலையே இல்லாதவனுக்குச் சேமலாபம் ஏது? ஆயினும், அத்தியாகத்தைச் செய்தவன் யார் என்பதை வரலாறு மறைத்தல் தகாது.

2020-இல் கொரோனாப் பெருந்தொற்றுப் பரவியபோதும் இவ்வினா உலகெங்கும் எழுந்தது. இந்தியாவிலே மே, யூன், யூலை ஆகிய மூன்று மாதங்களுக்கு இருபாலார் பங்கும் 12-இலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டது. மலேசியாவிலே ஏப்பிரல் முதல் தொழிலாளியின் பங்கு 11-இலிருந்து 7 ஆகக் குறைக்கப்பட்டது. முதலாளியின் பங்கில் அரசு கைவைக்கவில்லை. ஒரே இடர், இரு நாடுகள், இருவேறு தீர்ப்புகள். தொழிலாளியின் பங்கைக் குறைத்தால், அவன் பணம் அவன் கைக்கே வருகிறது. முதலாளியின் பங்கைக் குறைத்தால், அது முதலாளியிடமே தங்கிவிடுகிறது. குறைப்பு என்று ஒரே பெயரால் அழைக்கப்படினும் இவை இரண்டும் வேறு வேறு.

அமெரிக்காவின் முறை இன்னும் வேறானது. அங்கே பல கம்பனிகளின் ஓய்வுகாலச் சேமிப்புத் திட்டங்களில் முதலாளி இடும் ஈடான பங்கு சட்டக் கட்டாயமன்று, கம்பனியின் விருப்பம். 2008-இல் பொருளாதாரம் வீழ்ந்தபோது ஜெனரல் மோட்டர்ஸ் போன்ற பெருங் கம்பனிகள் அதனை ஆண்டு நடுவிலேயே நிறுத்திவைத்தன. எனினும், அங்கும் ஒருவகைத் திட்டங்களுக்குச் சட்டம் எல்லை வகுத்துள்ளது. நடுவாண்டிற் குறைப்பதாயின் குறைந்தது 30 நாள் முன்னரே ஊழியருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். மாற்றம் நடைமுறைக்கு வரும் நாள்வரை உழைத்ததற்கான பங்கை முழுமையாகச் செலுத்தியே ஆக வேண்டும். விருப்பமாகக் கொடுப்பதையும் விரும்பியபோது, விரும்பியபடி நிறுத்தலாகாது என்பதே இதன் பொருள்.

இலங்கையின் நிலை யாது? 12 என்றும் 8 என்றும் உள்ள வீதங்கள் சட்டத்தின் உள்ளேயே எழுதப்பட்டுள்ளன. ஒரு முதலாளி நட்டமடைந்தாலும், வியாபாரம் குன்றினாலும், ஆண்டின் நடுவிலன்று, ஆண்டின் எந்நாளிலும் அவற்றைத் தாமாகக் குறைக்க இயலாது. தொழிலாளி எழுத்தில் உடன்பட்டுக் கையொப்பமிட்டாலும் அது செல்லாது. குறைக்க வேண்டின் பாராளுமன்றம் கூடி, எல்லாரும் அறிய, சட்டத்தைத் திருத்த வேண்டும். 1981-க்குப் பின் அவ்வீதங்கள் மாறவில்லை. போரும் ஆழிப்பேரலையும் பெருந்தொற்றும் வந்து சென்றன. அவ்வெண்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

அவ்வாறாயின் நம் தொழிலாளி முற்றும் காப்புப் பெற்றவனா? இங்கேதான் நேயர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். வீதம் மாறாதிருக்கையில், வீதம் எதன்மீது கணக்கிடப்படுகிறதோ அதனை மாற்றிவிடலாம். நூற்றுக்கு 12 என்பது மாறாது. ஆனால் அந்த நூறு எது?

மலைநாட்டுத் தோட்டங்களை எடுத்துக்கொள்வோம். 2016-இல் செய்யப்பட்ட கூட்டு ஒப்பந்தப்படி ஒருநாட் சம்பளம் 730 ரூபா என்று பேசப்பட்டது. அதனைப் பிரித்து நோக்கின், அடிப்படைச் சம்பளம் 500 ரூபா. வரவுக்கான கொடுப்பனவு 60. உற்பத்திக்கான கொடுப்பனவு 140. விலைப் பங்குக் கொடுப்பனவு 30. சேமலாப நிதிக்குக் கணக்கில் வருவது அடிப்படைச் சம்பளமே என்பது தொழிலாளரின் நெடுநாள் முறைப்பாடு. 730-க்குக் கணக்கிட்டால் முதலாளியின் பங்கு நாளொன்றுக்கு 87 ரூபா 60 சதம். 500-க்குக் கணக்கிட்டால் 60 ரூபா. கொழுந்து பறிக்கும் கை ஒன்றே, வேலையும் ஒன்றே. சம்பளத்துக்கு இட்ட பெயர்கள் பலவானமையால், முதுமைக்குச் சேர்வது குறைந்துவிடுகிறது. அடிப்படைச் சம்பளத்தை உயர்த்த வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர் தளராது போராடியமைக்கு இதுவும் ஒரு காரணம். 2019-இல் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாவாக்கப்பட்டது.

தோட்டத்தைச் சொன்னேன், நகரத்துக் கடைகளும் இதற்கு விலக்கல்ல. உணவுப் படியின் பெறுமதியும் வாழ்க்கைச் செலவுப் படியும் விடுமுறைச் சம்பளமும் கணக்கிற் சேர வேண்டியவை என்று சட்டம் கூறுகிறது. மேலதிக நேரச் சம்பளம் சேராது. இதனை அறியாதார் பலர். ஆகவே, சம்பளச் சீட்டிலே 'கொடுப்பனவு' என்ற சொல் பெருகுமாயின், அதன் பொருளை வினவ ஊழியருக்கு உரிமை உண்டு.

கணக்கிடும் அடிப்படை சுருங்கும் இன்னொரு வழியும் உண்டு. 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில், வேலைக்கு அழைக்கப்படாது வீட்டிலிருந்த தனியார் துறை ஊழியருக்கு அரைச் சம்பளம், அல்லது 14,500 ரூபா, இவற்றுள் எது கூடுதலோ அது கொடுக்கப்பட வேண்டும் என்று அரசும் வேலைகொள்வோரும் தொழிற்சங்கங்களும் உடன்பட்டனர். சேமலாப வீதம் மாறவில்லை. ஆனால், சம்பளம் பாதியானால் நூற்றுக்கு 12-உம் பாதியாகிறது. சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறாமலே, முதுமைக்கான சேமிப்பு மெலிந்துவிடுகிறது.

இனி, 2011-இல் நிகழ்ந்ததையும் நினைவிற்கொள்ளல் வேண்டும். தனியார் துறை ஊழியருக்கு ஓய்வூதியம் வழங்குவதாகக் கூறி அரசு ஒரு சட்டமூலத்தைக் கொணர்ந்தது. தம் சேமலாபப் பணத்தில் அது கைவைக்கும் என்று தொழிலாளர் அஞ்சினர். கட்டுநாயக்கச் சுதந்திர வர்த்தக வலயத்தில், ஊர்விட்டு ஊர் வந்து தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் வீதிக்கு வந்தனர். மே மாத இறுதியில் பொலிசார் சுட்டதில் ஓர் இளந்தொழிலாளி காயமுற்று உயிரிழந்தார். சட்டமூலம் கைவிடப்பட்டது. எட்டும் பன்னிரண்டும் வெறும் எண்களல்ல. அவற்றுக்கு ஓர் உயிரும் விலையாகக் கொடுக்கப்பட்டுள்ளது.

எண் மாறாவிடினும் பணத்தின் வலு மாறும். 2022-ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில், செப்டெம்பர் மாதத்தில், கொழும்பு விலைவாசி முந்திய ஆண்டைவிட ஏறக்குறைய நூற்றுக்கு 70 வீதம் உயர்ந்திருந்தது. அவ்வாண்டுக்குச் சேமலாப நிதி கொடுத்த வட்டி நூற்றுக்கு 9 வீதம். மறுவருடம், உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது, நிதி வைத்திருந்த அரசாங்கப் பிணையங்களுட் பல, 2025 வரை 12 வீதமும் அதன்பின் 9 வீதமும் வட்டி தரும் புதிய பிணையங்களாக மாற்றப்பட்டன. 2023 முடிவில் மூன்று இலட்சம் கோடி ரூபாவைக் கடந்திருந்த இந்நிதி நாட்டின் மிகப் பெரிய சேமிப்பு. அதன் உரிமையாளர் அரசுமல்லர், முதலாளியுமல்லர்; கோடிக்கணக்கான மாதச் சம்பளங்களிலிருந்து எட்டு எட்டாகவும் பன்னிரண்டு பன்னிரண்டாகவும் சேர்த்துவைத்த உழைப்பாளரே.

இவ்வரலாறு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எவ்வாறு பொருந்தும்? 1950-இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை, அரசாங்க எழுதுவினைஞர் அல்லாத பல குடும்பங்களுக்கு நிலையான மாதச் சம்பளம் என்பதை அறிமுகப்படுத்தியது. 1990-இல் போர் அதனை மூடச்செய்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்திரளாக இடம்பெயர்ந்தனர். பையில் இரண்டு உடுப்பும் கையில் ஒரு பிள்ளையுமாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோர் எத்தனை பேர்! அவருட் பலர் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் இழந்தனர். ஆனால், தொழிற்சாலை இடிந்தாலும், முதலாளி ஊரைவிட்டுப் போனாலும், ஒருவர் பெயரில் முன்னரே செலுத்தப்பட்ட சேமலாபம் இடிந்துவிடாது. அது முதலாளியின் பெட்டகத்தில் இருப்பதன்று. மத்திய வங்கியின் பொறுப்பில் ஊழியரின் பெயரால் இருப்பது. சொந்தக் கம்பனியின் நிதியை மட்டும் நம்பியிருந்த பழங்காலத்துக்கும் 1958-க்குப் பிந்திய காலத்துக்கும் உள்ள பெரும் வேறுபாடு இதுவே.

ஆனால், செலுத்தப்படாத பணத்துக்கு இக்காப்பு இல்லை. சம்பளத்திற் கழித்துவிட்டு நிதிக்கு அனுப்பாத முதலாளிகளும் உண்டு. ஊழியரைப் பதிவுசெய்யாமலே ஆண்டுக்கணக்காக வேலை வாங்குவோரும் உண்டு. நமது பட்டினக் கடைகளிலே, "பிள்ளை, இப்ப உனக்கு ஏன் அந்தக் கழிவு? முழுச் சம்பளத்தையும் கையிலை தாறன்" என்று பரிவுடன் சொல்லும் முதலாளிமார் இல்லையென்று யார் சொல்வார்? அப்பரிவின் கணக்கைப் பாருங்கள். மாதம் 40,000 ரூபா சம்பளத்துக்குத் தொழிலாளியின் கழிவு 3,200 ரூபா. அது கையில் கிடைக்கிறது, உண்மை. ஆனால், முதலாளி இட வேண்டிய 4,800 ரூபாவும், நம்பிக்கை நிதிக்கு இட வேண்டிய 1,200 ரூபாவுமாக 6,000 ரூபா அவனை விட்டுப் போய்விடுகிறது. தன் 3,200-ஐத் தானே பெற்று மகிழும் இளைஞன், தனக்குரிய 6,000-ஐ மாதந்தோறும் முதலாளிக்குப் பரிசளிக்கிறான். ஓராண்டில் அது 72,000 ரூபா. வட்டியும் வட்டிக்கு வட்டியும் அதன்மேல்.

பாடசாலைகளை விட்டு ஒவ்வோராண்டும் வெளியேறும் பிள்ளைகள் அனைவருக்கும் அரசாங்க உத்தியோகம் கிடைப்பதில்லை. அவர்கள் தனியார் வங்கிகளுக்கும், கடைகளுக்கும், ஆடைத் தொழிற்சாலைகளுக்கும், கணினி நிலையங்களுக்கும், கூட்டுறவுச் சங்கங்களுக்கும் செல்கின்றனர். கோறணமேந்துப் பழமொழி அவர்களுக்கு உதவாது. அவர்களுக்கு உதவத்தக்கது 1958-இன் சட்டம். வேலையில் சேரும் முதல் மாதத்திலேயே உறுப்பினர் எண்ணைக் கேட்டுப் பெறுதல், தேசிய அடையாள அட்டையிலுள்ள பெயரும் பதிவிலுள்ள பெயரும் எழுத்துக்கெழுத்து ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தல், பின்னுரித்தாளியை நியமித்தல், சம்பளச் சீட்டுகளைப் பேணிவைத்தல், ஆண்டுதோறும் தம் கணக்கின் மீதியைச் சரிபார்த்தல் ஆகியன சிறு காரியங்களே. குறை காணின் மாவட்டத் தொழிற் காரியாலயத்தில் முறையிடலாம். அதற்குச் செலவுமில்லை, சிபாரிசும் வேண்டுவதில்லை.

பெற்றோருக்கும் ஒரு சொல். மகனுக்கு எவ்வளவு சம்பளம் என்று கேட்கிறோம். மகளுக்கு வரன் பார்க்கையிலும் அதையே கேட்கிறோம். முதலாளி எவ்வளவு சேமலாபம் கட்டுகிறார், எந்தத் தொகைமீது கட்டுகிறார் என்று கேட்போர் அரியர். அக்கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் எழுமாயின், சட்டம் ஏட்டிலிருந்து வாழ்க்கைக்கு வந்துவிடும்.

சிறுதுளி பெருவெள்ளம் என்பர். துளி விழுந்துகொண்டேயிருக்கிறதா என்று பார்ப்பது நம் கடமை. முதலாளியின் பங்கு அவர் கருணையால் விழும் துளியன்று. உழைத்தவர் நெற்றியிலிருந்து முன்னரே விழுந்துவிட்ட வியர்வைத் துளியின் விலை. அதனை உயர்த்துவதாயினும் தாழ்த்துவதாயினும், வெளிப்படையாக, சட்டப்படி, வரும் நாளுக்கே செய்தல் வேண்டும். சென்ற நாளின் உழைப்பில் எவரும் கைவைத்தல் ஆகாது. அறுபதாண்டுக்கு மேற்பட்ட இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே.